மலையில்லா ஊரில் மலை சைக்கிள்: மணல், முள், உப்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை கிளப் பந்தயம் ஓட்டுகிறவர்களும் ஓட்ட நினைக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, மலையே இல்லாத மாவட்டத்தில் எம்டிபி (மலை சைக்கிள்) எதுக்குன்னு வீட்டில் கேட்கிறாங்க. என்ன சொல்ல? (தொண்டி, கல்லூரி மாணவர்)

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்ந்த கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் ஏற்றமும் இறக்கமும் முக்கியம்தான். ஆனால் உடம்புக்குத் தெரிவது சரிவு இல்லை தம்பி, எதிர்ப்பு. கச்சான் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கால் புதையும் மணலில் 300 மீட்டர் மிதித்துப் பாருங்கள். அதுதான் நம்ம ஊர் மலை.

கருவை முள்ளுக்கு என்னதான் வழி? வாரம் ரெண்டு பஞ்சர். (கீழக்கரை)

டியூப்லெஸ்தான் வழி. 29 அங்குலம், 2.25 அகல டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் பால்) ஊற்றுங்கள். பாட்டிலில் 60 போதும் என்று போட்டிருந்தாலும் கருவைக் காட்டுக்கு அது பத்தாது. நம்ம வெயிலில் ரெண்டு மாதத்திலேயே காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். 'களக் களக்' என்று கேட்டால் இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் உள்ளே பாலாடை மாதிரி தோல் கட்டிக் கிடக்கும். அதை உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

முள் குத்தினால் காட்டிலேயே பிடுங்கத் தோன்றும். அதுதான் தப்பு. முள் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே நீட்டியதை மட்டும் ஒடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பிடுங்குங்கள். பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ரெண்டு நிமிடம் வைத்தால் சீலன்ட் அங்கே இறங்கி அடைக்கும். அப்படியும் சீறினால் பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் திரி) வையுங்கள்.

டியூப் போட்ட சைக்கிள் என்றால் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே விரியுங்கள். எடை கூடும், பரவாயில்லை. பஞ்சர் ஒட்டும் முன் டயருக்குள் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒடிந்த முனை இருந்தால் துணியில் மாட்டும். விரலை விட்டால் விரலில் ஏறும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பஞ்சர் ஆவதற்குப் பெரும்பாலும் அந்த முனைதான் காரணம்.

முள்ளைவிட மோசம் பனை மட்டைக் கருக்கு. அது பக்கச் சுவரையே அறுத்துவிடும், சீலன்ட் அடைக்காது. விழுந்த மட்டையைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

காற்று எவ்வளவு வைக்கணும்? (உச்சிப்புளி)

65 கிலோ ஆள், டியூப்லெஸ் 2.25 என்றால் முன்னால் 17, பின்னால் 19 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள். மணல் அதிகமுள்ள சுற்றில் ரெண்டிலும் 2 குறையுங்கள். மண்டபம் பக்கம் பவளக்கல் துருத்தி நிற்கும் பாதையில் குறைக்க வேண்டாம், ரிம் அடிபடும். டியூப் போட்டிருந்தால் 25க்குக் கீழே இறங்காதீர்கள். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்தது மாதிரி ரெட்டை ஓட்டை விழும்.

மணலில் முன் சக்கரம் புதைந்து விழுகிறேன். (பெரியபட்டினம், ஒரு சகோதரி)

மணலுக்குள் போன பிறகு கியர் மாற்றப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்மா. பத்தடி முன்னாலேயே ஒரு கியர் லேசாக்கிவிடுங்கள். உட்கார்ந்தபடியே எடையைப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்த்திப் பிடியுங்கள். திருப்புவது இடுப்பால், கையால் இல்லை. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பார்வை மணல் முடியும் இடத்தில் இருக்கட்டும். மிதி நின்றால் கதை முடிந்தது. உடனே இறங்கி ஓடுங்கள். பந்தயத்தில் 15 மீட்டர் புதைமணலை ஓடிக் கடப்பது பல நேரம் வேகமும்கூட.

ஓட்டி வந்ததும் நன்றாகத் தண்ணீர் அடித்துத்தான் கழுவுகிறேன். அப்படியும் துரு. (ஏர்வாடி)

எந்தத் தண்ணீர்? இங்கே பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிறீர்கள். மணலைத் தள்ள அது போதும், ஆனால் கடைசியில் ரெண்டு லிட்டர் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும். குடம் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைச் சைக்கிளுக்கா என்று வீட்டில் சத்தம் வரும். புது செயின் விலையைச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் வேண்டாம், பேரிங்குக்குள் மணலை ஏற்றிவிடும்.

செயினுக்கு மெழுகு வகை மசகு (லூப்) மட்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) மாதம் ஒருமுறை உருவித் துடைத்து கிரீஸ் தடவுங்கள். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட் இருந்து உப்பும் சேர்ந்தால் இறுகிவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பெடல் மரைக்கும் இதே கதைதான். இடது பெடல் மரை தலைகீழ் என்பதை மறந்து இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

அரிச்சல்முனை வரை கடற்கரை மணலிலேயே பந்தயம் வைத்தால் என்ன? (ராமேஸ்வரம்)

வேண்டாம். தென்கடல் தீவுகள் 1986லேயே கடல்சார் தேசியப் பூங்கா. 1989ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அரிச்சல்முனை இருக்கும் தனுஷ்கோடியை 2025ல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பூநாரைக் கூட்டம் மேய்வதை விட்டு எல்லாத் தலையையும் ஒன்றாகத் தூக்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை எழுப்பிப் பறக்கவிட்டால் தின்ற தீனி வீண்.

ஆமை விஷயம் இன்னும் நுணுக்கம். பங்குனி ஆமை தை மாதத்திலிருந்து கரையேறி முட்டையிடும். பொரிய 45 முதல் 60 நாள். குஞ்சின் ஓடு நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும். உங்கள் டயர் பதிந்த தடம் அதுக்கு ஒரு வாய்க்கால். விழுந்தால் கடலுக்குப் போகாமல் தடத்தோடே நடந்து நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை கடற்கரை மணலில் டயர் படவே கூடாது. இரவில் ஹெட்லைட்டோடு எப்போதுமே கூடாது, குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டில் ஏறாதீர்கள். அந்த வேர்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அரிச்சல்முனைக்குத் தார் ரோடு இருக்கிறது, அதில் போய் வாருங்கள்.

அப்போ எங்கேதான் ஓட்டுவது? (வாலிநோக்கம்)

கருவைக் காட்டு வண்டிப்பாதை, பனங்காட்டு ஒற்றையடி, காய்ந்த கண்மாய் உள்வாய். எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் உரிமைப்பட்டவர், முதலில் கேளுங்கள். பதநீர் இறக்கும் பருவத்தில் காலை நேரம் பனையேறிகளுடையது. உப்பளப் பாத்தி வரப்பில் ஏறவே கூடாது, வரப்பு சரிந்தால் சேறு கலந்து அந்தப் பாத்தி உப்பே கெடும். கரிமூட்டத்தை விட்டு விலகி ஓட்டுங்கள். மேலே மண், உள்ளே நெருப்பு, சக்கரம் இறங்கினால் கால் வெந்துவிடும். காயப்போட்ட வலையும் கருவாடும் ஓரமாகக் கிடந்தாலும் அது ஒருத்தர் வீட்டுச் சோறு.

ஆட்டு மந்தை வந்தால் இருபது அடிக்கு முன்னாலேயே இறங்கி நில்லுங்கள். மணி அடித்தால் சிதறும். மேய்ப்பவர் 'போ' என்றதும் தள்ளிக்கொண்டு போகலாம்.

மழை பெய்தால்? கடலாடிப் பக்கம் கரிசல் என்றால் புழுதி கிளம்பும் வரை போகாதீர்கள். களர் நிலத்தில் மேல் ஓடு வெளுத்து ஓரம் சுருண்டிருந்தால் காய்ந்தது. கறுத்து மினுங்கினால் அடியில் சேறு. தடம் ஒரு விரற்கணுவுக்கு மேல் பதிந்தால் திரும்பிவிடுங்கள். ஈரக் கண்மாய்க் கரையில் பதியும் தடம் அடுத்த மழைக்கு உடைப்பு.

நாற்பது பேருக்குப் பந்தயம். சுற்று எப்படி அமைப்பது? (ராமநாதபுரம்)

நாலைந்து கிலோமீட்டர் சுற்று. ஒற்றையடிக்குள் நுழையும் முன் அகலமான வண்டிப்பாதை 500 மீட்டராவது வேண்டும். இல்லையென்றால் நாற்பது பேரும் வாசலிலேயே முட்டி நிற்பார்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்குள் முடியுங்கள். சுற்று எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம். முதலாமவர் ரெண்டு சுற்று முடித்த நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுற்றுக்கு 14 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு நாலு சுற்று. முதலாமவர் கோட்டைத் தாண்டியதும் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளட்டும். உலகப் பந்தயங்களில் முதலாமவரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் பின்தங்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கிளப்புக்கு அது வேண்டாம், காசு கட்டி வந்த பையன் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போனால் அடுத்த முறை வரமாட்டான்.

ஒரு சுற்று பின்தங்கியவர் முந்துபவருக்கு முதல் பாதுகாப்பான இடத்திலேயே வழிவிட வேண்டும். முந்துபவர் 'வலது' 'இடது' என்று குரல் கொடுக்க வேண்டும்.

குடிக்க? (மண்டபம்)

மணிக்கு 500 முதல் 750 மில்லி. ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை.

வழி காட்ட பிளாஸ்டிக் ரிப்பன் கட்டலாமா? (தேவிபட்டினம்)

காற்று அடித்தால் பாதி கடலுக்குப் போய்விடும். சிவப்புத் துணிக் கிழியல் கட்டுங்கள், திருப்பத்துக்கு மூன்று, நேர்ப்பாதையில் ஐம்பது மீட்டருக்கு ஒன்று. கட்டும்போதே எண்ணி எழுதி வையுங்கள். 140 கட்டினால் பந்தயம் முடிந்த மதியமே 140ம் பைக்குள் திரும்ப வரணும். குறைந்தால் கடைசியாக வந்தவரை மறுபடி ஒரு சுற்று அனுப்புங்கள், இந்த முறை மெதுவாக.