நாகேஷ் படங்களில் எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளி வைப்பது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. வடிவேலு நகைச்சுவைத் துணுக்குகளைப் பார்த்தே வளர்ந்தவன். நாகேஷைப் போல ஒரு நடிகர் இல்லை என்று என் மாமனார் சொல்வதை நம்ப மறுக்கிறான். இந்த விடுமுறையில் ஏழெட்டுப் படங்களைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த பத்து’, ‘மோசமான பத்து’ பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நாகேஷின் 300 படங்கள் அடங்கிய பென்டிரைவை 1,500 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பென்டிரைவை வாங்காதீர்கள். முதலில் ‘சர்வர் சுந்தரம்’ (1964), அடுத்து ‘எதிர்நீச்சல்’ (1968), மூன்றாவதாகத் ‘திருவிளையாடல்’ (1965). இந்த மூன்றையும் முழுமையாகப் பார்த்த பிறகும் உங்கள் மகனின் எண்ணம் மாறவில்லையென்றால், மற்றவற்றைப் போட்டு அவனை வற்புறுத்துவதில் பயனில்லை.

பட்டியல்கள் ஏன் முரண்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் தரம் பிரிப்பது எளிதாகிவிடும். கதாநாயகனின் கதை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, நகைச்சுவைப் பகுதியைத் தனியே எழுதி, தனி நாள்களில் எடுத்து, நடுநடுவே செருகிவிடும் வழக்கம் தமிழ்த் திரையுலகில் நெடுங்காலம் இருந்தது. அதை ‘காமெடி டிராக்’ என்பார்கள். நாகேஷ் நடித்தவற்றில் கணிசமான படங்கள் இப்படிப்பட்டவை. ஆகவே நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: நாகேஷை எடுத்துவிட்டால் படம் நிற்குமா, விழுமா? விழுந்தால் அது நாகேஷ் படம். நின்றால் அது நாகேஷ் வந்துபோன படம். பட்டியல் போடுபவர்களில் பலர் முழுப் படத்தையும் பார்ப்பதில்லை; பத்து நிமிடத் துணுக்கைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

‘சர்வர் சுந்தரம்’ இந்த அளவுகோலில் முதலிடம் பெறுகிறது. கே. பாலசந்தரின் கதையை கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம் அது. கோப்பைகளையும் தட்டுகளையும் கையில் அடுக்கிக்கொண்டு சுந்தரம் மேசைகளுக்கு நடுவே நெளிந்து போவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வருவது அந்த நடையிலிருந்துதான், வசனத்திலிருந்து அல்ல. அதே மனிதன் நடிகனாகப் புகழடைந்து, தாய்க்கு ஆபத்து நேர்ந்த வேளையில் படப்பிடிப்பில் அகப்பட்டுக்கொள்ளும் பகுதியைத் துணுக்குக்காரர்கள் தொடவே மாட்டார்கள். ஏனென்றால் அங்கே சிரிப்பு இல்லை. ‘எதிர்நீச்சல்’ படத்தில் நாகேஷ் ஏற்ற மாது, பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, கிடைத்ததைச் சாப்பிட்டுப் படிக்கும் அநாதை. அந்த வீட்டில் இருமல் தாத்தா என்று ஒருவர் உண்டு. படம் முழுவதும் அவர் முகம் தெரியாது, இருமல் மட்டுமே கேட்கும். வெறும் சத்தத்துடன் பேசி அதை ஓர் உறவாகவே நாகேஷ் நம்ப வைக்கிறார்.

‘திருவிளையாடல்’ தருமியைத் துணுக்காகப் பார்த்திருப்பீர்கள். அதிலேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. சிவனாக வரும் சிவாஜியிடம் கேள்விகளை அடுக்கும் இடத்தோடு பெரும்பாலான துணுக்குகள் முடிந்துவிடுகின்றன. ஆனால் தருமியின் கதை அதோடு முடிவதில்லை. இரவல் பாட்டோடு அரசவைக்குப் போய், நக்கீரர் குற்றம் கண்டதும் பரிசும் மானமும் போய், மண்டபத்தில் தனியாகப் புலம்பும் வரை பார்த்தால்தான், முன்பு சிரித்ததெல்லாம் ஓர் ஏழைப் புலவனின் பசியைப் பார்த்து என்பது பதினைந்து வயதுப் பையனுக்கும் புரியும்.

இனி, என் அளவுகோலுக்கு ஒரு விதிவிலக்கு. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷின் பகுதியை எடுத்துவிட்டாலும் காதல் கதைகள் தம் பாட்டுக்கு நடக்கும். படம் எடுக்கப் போகிறேன் என்று ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கி, அப்பாவிடம் பணம் கேட்டு நச்சரிக்கும் செல்லப்பாவால் கதையில் பெரிய திருப்பம் எதுவும் வருவதில்லை. அளவுகோலின்படி பார்த்தால் இதுவும் டிராக்தான். ஆனாலும் இதை நான்காவதாக வைக்கிறேன். காரணம், பேய்க்கதை சொல்லும் அந்தக் காட்சியில் நாகேஷ் தனியாக நடிக்கவில்லை. கதவு கிறீச்சிடுவதையும் காலடிச் சத்தத்தையும் அவர் வாயாலேயே எழுப்ப, எதிரே அமர்ந்திருக்கும், அப்பாவாக வரும் டி. எஸ். பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப்போகிறது. அந்தக் காட்சியின் பாதி உயிர் கேட்பவரின் முகத்தில் இருக்கிறது. செல்லப்பா வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கோமாளியும் அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை, கதாநாயகிகளின் உடன்பிறந்தவன். அதனால் டிராக் என்றாலும் அது படத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இப்போது இதே காட்சியைக் கைப்பேசிக்காக நெட்டுக்குத்தாக வெட்டிப் போடுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் இரண்டு முகங்கள் அடங்காது, பாலையாவைத் தூக்கிவிடுகிறார்கள். மகன் இதைக் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்திருந்தால், பார்த்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வைத்தி. சிரிக்க வைத்துக்கொண்டே அருவருப்பையும் வரவழைக்கும் தரகன். பிறகு ‘அன்பே வா’ (1966). முதலாளிக்குத் தெரியாமல் அவர் பங்களாவையே வாடகைக்கு விடும் வேலைக்காரர் இல்லாமல் அந்தக் கதையே கிடையாது. ‘நீர்க்குமிழி’ (1965) மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் சோகக் கதை. அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வியாபாரிகள் தொலைக்காட்சியில் வெட்டி ஒளிபரப்பியதைப் பதிவுசெய்து, அதற்கு ‘எச்.டி. ரீமாஸ்டர்’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். பழைய படத்தின் சட்டம் ஏறக்குறையச் சதுரமானது. அதை அகலத் தொலைக்காட்சிக்கு இழுத்துவிட்டால் நாகேஷ் குண்டாகிவிடுகிறார். அந்த ஒல்லி உடம்பின் வளைவையும் துள்ளலையும் நம்பி எடுத்த காட்சிகள் அத்தனையும் பாழ். இதைவிடக் கொடுமை, படத்தைத் ‘தெளிவாக்கும்’ மென்பொருள்கள். அம்மைத் தழும்பு முகத்தோடு வந்து கதாநாயகனாகவும் நின்று காட்டியவர் நாகேஷ். அந்தத் தழும்புகளையே மென்பொருள் வழித்து எடுத்துப் பொம்மை முகமாக்கிவிடுகிறது. கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசிய பிரதியையும் தொடாதீர்கள். தயாரிப்பு நிறுவனங்கள் தாமே முழு நீளமாக வெளியிட்டிருக்கும் பிரதியைத் தேடுங்கள். தொலைக்காட்சியில் படச் சட்டத்தை 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வியாபாரிகள் பிழைப்பதற்கு யார் காரணம்? பழைய படச்சுருள் நெகட்டிவ்களில் இருந்த வெள்ளிக்காக அவற்றை உருக்கி விற்ற ஒரு தொழில் நம்முடையது. புனேயில் 1964இலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துவிட்டது. ஆனாலும் தாத்தா பார்த்த தமிழ்ப் படத்தின் வெட்டுப்படாத பிரதியைப் பேரனுக்குக் காட்ட ஒரு குடும்பம் பென்டிரைவ் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இதை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? நாகேஷுக்கே ‘நம்மவர்’ (1994) படத்தில்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. பத்ம விருது 2009இல் அவர் மறையும்வரை வரவேயில்லை.

மோசமானவற்றை எண் போட்டு வரிசைப்படுத்த மாட்டேன், ஏனெனில் அங்கே குற்றம் பெரும்பாலும் நாகேஷுடையது அல்ல. கதாநாயகனின் பின்னால் ஓடுவதற்கும் அடிவாங்கி விழுவதற்கும் மட்டுமே அவரை அழைத்த படங்களை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) கண்ணுக்கு விருந்துதான். நாகேஷுக்காகப் பார்க்க அதில் அதிகமில்லை. ‘தசாவதாரம்’ (2008) படத்தில் அவர் சிறிது நேரமே வருகிறார். மனைவியாக நடித்தவர் ‘சர்வர் சுந்தர’த்தின் கே. ஆர். விஜயா என்பதை உங்கள் மாமனார் ரசிப்பார், மகனுக்கு அது எதுவும் சொல்லாது. பிற்காலப் படம் ஒன்று வேண்டுமென்றால் ‘மகளிர் மட்டும்’ (1994) பார்க்கச் சொல்லுங்கள். பிணமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் சிரிக்க வைக்கிறார். துணுக்குகளில் வளர்ந்த பையனுக்கு அது உடனே பிடிக்கும்.