ராப் பாடும் பையனும் எச்-4 விசாவும்

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் பதினொன்றாம் கிரேடு, கணக்கில் கெட்டி. ஆனால் அறைக்குள் மைக் வைத்துக்கொண்டு ராப் எழுதுகிறான். பொறியியலுக்கு விண்ணப்பிக்க மாட்டேன், இசைத் தொழில்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறான். "அட்லாண்டாவில் ராப் பாடுகிறவர்கள் எல்லாருமே ஜெயிலுக்குப் போனவர்கள், இவனையும் அப்படிப் பார்க்க வேண்டிவருமோ" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், நீங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியவில்லை என்று ஒரு வரி. பாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய அத்தனையையும்விட எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

பையனிடம் 21 சாவேஜ் யார் என்று கேளுங்கள். பாட்டையெல்லாம் ஒப்பிப்பான். அவரை 2019-ல் குடியேற்றத் துறை பிடித்ததும் தெரிந்திருக்கும். எந்த விசா காலாவதியாகிப் பிடித்தார்கள் என்பது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அவருடைய இயற்பெயர் ஷேயா பின் ஏப்ரஹாம்-ஜோசப். 1992-ல் லண்டனில் பிறந்தவர். ஏழு வயதில் அமெரிக்கா வந்து அட்லாண்டாப் பக்கம் வளர்ந்தார். 2005-ல் ஒரு மாதம் இங்கிலாந்து போய்விட்டு ஜூலையில் திரும்பியபோது அவர் வந்தது எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்த குடும்பத்தினருக்குத் தரும் விசாவில். ஆமாம், உங்கள் பையன் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எச்-4. மறு வருடம் அந்தத் தகுதி போய்விட்டது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. "அவர் தவறு எதுவும் இல்லாமலே போனது" என்றுதான் அவருடைய வழக்கறிஞர்கள் பின்னால் சொன்னார்கள். சரிதானே? பதின்மூன்று வயதுப் பையனா நீட்டிப்பு விண்ணப்பம் நிரப்புவான்?

அப்புறம் அவர் வாழ்க்கை வேறு பக்கம் போயிற்று. இருபத்தொன்றாம் பிறந்தநாளில் ஆறு குண்டு பாய்ந்து பிழைத்தார்; கூட இருந்த நண்பர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். 2016-க்குள் ஊரே அறிந்த பெயர். 2018 டிசம்பரில் வந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். 2019 பிப்ரவரி 10 கிராமி விழாவுக்கு இரண்டு பரிந்துரைகள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், பிப்ரவரி 3, அட்லாண்டாவில் சூப்பர் பவுல் நடந்த ஞாயிற்றுக்கிழமை, குடியேற்றத் துறை அவரைக் கைது செய்தது. விழா நடந்தபோது காவலில் இருந்தார். 13-ஆம் தேதி ஒரு லட்சம் டாலர் ஜாமீனில் வெளியே வந்தார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் யு விசாவுக்கு அவர் 2017-லேயே விண்ணப்பித்திருந்தார். அது நிலுவையில் இருந்தபோதுதான் இத்தனையும். 2023 அக்டோபரில் நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு, கிடைத்த பிறகுதான் தைரியமாக நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப முடிந்தது. அடுத்த மாதமே லண்டனில் மேடை ஏறினார்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் பயத்தைச் சரியான இடத்துக்குத் திருப்பச் சொல்கிறேன். அங்கே இடறியது ஒரு காகிதம். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் வேலை.

"எல்லாருமே ஜெயிலுக்குப் போனவர்கள்" என்பது முதலில் உண்மையில்லை. அவுட்காஸ்ட் என்ற ராப் இரட்டையர் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி 2004-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியவர்கள். ராப் பாடகர் லூடாக்ரிஸ் நம் ஊர் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மியூசிக் மேனேஜ்மென்ட் படித்தவர், உள்ளூர் வானொலியில் வேலை பார்த்தவர். அதே பல்கலைக்கழகம் 2022-ல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இந்தப் பெயர்களை விட்டுவிட்டு வழக்கு விவரத்தை மட்டும் எண்ணுவது நியாயமில்லை. உங்கள் கடிதத்தில் "அந்த மாதிரி ஆட்கள்" என்று ஒரு சொல் வருகிறது. அதைப் பையன் காதுபடச் சொல்லாதீர்கள். அவன் கூடப் படிக்கும் பிள்ளைகளைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வான். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது.

சரி, ஜெயிலுக்குப் போனவர்களின் கதையிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ராப் பாடகர் டி.ஐ. என்கிற கிளிஃபர்ட் ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் பேங்க்ஹெட் பகுதிக்காரர். 2001-ல் வந்த முதல் ஆல்பம் ஓடவில்லை, கம்பெனி கைவிட்டது. பாட்டு வெளியிடும் லேபிளைச் சொந்தமாகத் தொடங்கி, மிக்ஸ்டேப் என்னும் பாட்டுத் தொகுப்புகள் போட்டுத் திரும்ப ஏறி வந்தார். தொழில் என்று பார்த்தால் பாடம் நடத்தலாம். ஆனால் இருபது வயதுக்குள்ளேயே, 1998-ல், போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றிருந்தார். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2007 அக்டோபரில், அட்லாண்டாவில் விருது விழா மேடை ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்னால், மெஷின் கன் வாங்க முயன்ற வழக்கில் பிடிபட்டார். தீர்ப்புக்குக் காத்திருந்த காலத்தில் ஆயிரம் மணி நேரம் சமூக சேவை. 2009-ல் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை. வெளியே வந்து, நிபந்தனையை மீறியதற்காக 2010-ல் மறுபடி பதினோரு மாதம். இதற்கு நடுவில், 2008-ல், வீட்டுக்காவலில் உட்கார்ந்து எழுதிய ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகள் பில்போர்டில் முதலிடம்!

"பாருங்கம்மா, ஜெயிலுக்குப் போயும் ஜெயிச்சாரே" என்று பையன் சொல்வான். அப்போது நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இது: டி.ஐ. அமெரிக்கக் குடிமகன். தண்டனை முடிந்தால் அட்லாண்டா வீட்டுக்கு வரலாம். உனக்கு அப்படி இல்லை. குடியுரிமை இல்லாதவருக்குப் போதைப்பொருள் வழக்கில் தண்டனை வந்தால் நாடு கடத்த அதுவே போதும். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்றால் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். இன்னொன்று, ஜார்ஜியாவில் பதினேழு வயது ஆகிவிட்டால் குற்ற வழக்கில் பெரியவராகத்தான் நடத்துவார்கள். பதினெட்டு வரை சின்னப் பையன் என்று நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நண்பன் காரில் போகும்போது டிக்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏறக் கூடாது. போலீஸ் நிறுத்தினால் மரியாதையாகப் பெயரைச் சொல்லிவிட்டு, "என் அப்பா அம்மாவையும் வக்கீலையும் கூப்பிட வேண்டும்" என்று மட்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதை வீட்டில் ஒத்திகை பாருங்கள். சிரிப்பான், பரவாயில்லை.

அவன் எழுதும் வரிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அட்லாண்டா ராப் பாடகர் யங் தக் வழக்கை அவன் கட்டாயம் பின்தொடர்ந்திருப்பான். 2022 மே மாதம் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுன்டியில் அவர் உட்பட 28 பேர் மீது கும்பல் குற்றச் சட்டத்தில் வழக்கு. ஜூரி தேர்வுக்கே ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. ராப் வரிகள் சிலவற்றைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். 2024 அக்டோபர் 31-ல் யங் தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையில் கழித்த காலமே தண்டனை, மேலே பதினைந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற தீர்ப்போடு வெளியே வந்தார். கலிஃபோர்னியா இப்படிப் பாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நாம் இருப்பது ஜார்ஜியா. பாட்டைச் சாட்சியாக்குவது தவறு என்பதுதான் என் கருத்து. அதற்காக, ஜான்ஸ் க்ரீக்கில் மூன்று படுக்கையறை வீட்டில் வளர்ந்த பையன், தான் பார்த்தே இராத துப்பாக்கியைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன? அது சட்டப் பிரச்சினை ஆவதற்கு முன்னால் நல்ல எழுத்தே இல்லை. விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகப் பக்கங்களின் பெயரைக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பணம் இன்னொரு கண்ணி. எச்-4-ல் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்து சம்பாதிக்க அனுமதி கிடையாது. வேலை அனுமதி அட்டை சில கணவன்-மனைவிகளுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. யாரோ ஒரு பிறந்தநாள் விருந்தில் பாடச் சொல்லி நூறு டாலர் கையில் கொடுத்தால் அதுவும் சம்பாத்தியம்தான். யூடியூப் சேனலில் விளம்பர வருமானத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் கம்பெனி நண்பரிடமும் வேண்டாம். பாட்டைப் பணம் வாங்காமல் வெளியிட்டு ஆள் சேர்ப்பதில் இப்போதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஒப்பந்தம் என்று யாராவது தாள் நீட்டினால், "அட்வான்ஸ்" என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பரிசு இல்லை. அவன் பங்கு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் முன்பணம். மாஸ்டர் உரிமை, அதாவது பதிவு செய்த பாட்டின் உரிமை, யாருக்கு, எத்தனை வருடம், இவன் எழுதிய வரிக்குரிய பப்ளிஷிங் பங்கு எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்து கூடாது. பதினெட்டு ஆகாதவர் போடும் ஒப்பந்தம் பின்னால் செல்லாமல் போகலாம் என்பதால் உங்கள் கையெழுத்தையும் கேட்பார்கள். அட்லாண்டாவில் ஜார்ஜியா லாயர்ஸ் ஃபார் த ஆர்ட்ஸ் என்ற அமைப்பு கலைஞர்களுக்குச் சட்ட உதவி செய்கிறது. அங்கே காட்டிவிட்டுப் போடுங்கள்.

இனி படிப்பு. கல்லூரியே வேண்டாம் என்றால் நான் அவன் பக்கம் நிற்க மாட்டேன், ஏனென்றால் எச்-4 இருபத்தொரு வயதோடு முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாதான் அவனுக்குப் பிடிமானம். அதற்கு ஏதாவது படிப்பில் இருந்தாக வேண்டும். ஆனால் அது பொறியியலாகத்தான் இருக்க வேண்டுமா? ஜார்ஜியா டெக்கில் மியூசிக் டெக்னாலஜி என்று நான்கு ஆண்டு அறிவியல் பட்டம் இருக்கிறது. கணக்கில் கெட்டியான, ஒலியில் பித்துப் பிடித்த பையனுக்கு என் முதல் யோசனை அதுதான். சுலபமாக இடம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வேறு பாடத்தில் பட்டம் படித்துக்கொண்டே மியூசிக் பிசினஸ் சான்றிதழ் வாங்கலாம். கென்னசா ஸ்டேட்டிலும் இசை, பொழுதுபோக்குத் தொழில் படிப்பு உண்டு. எங்கே கேட்டாலும் இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு) பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கிடைப்பது ஒரு வருடமா, மூன்று வருடமா என்பதை அதுதான் முடிவு செய்யும். ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.0 இருந்தாலும் எச்-4 பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. இதைப் பன்னிரண்டாம் கிரேடு முடியும் நேரத்தில் தெரிந்துகொண்டு திகைத்து நிற்கும் குடும்பங்கள் நிறைய.

பாடுவது மட்டும்தான் வேலை என்று அவன் நினைத்தால் அதையும் பேசிப் பாருங்கள். கோச் கே, பியர் தாமஸ் என்ற இருவர் அட்லாண்டாவில் நடத்திய குவாலிட்டி கன்ட்ரோல் நிறுவனத்தை 2023-ல் தென்கொரியாவின் ஹைப் என்ற இசை நிறுவனம் ஏறக்குறைய 30 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்கள் பாடகர்கள் இல்லை. மேனேஜர், மிக்ஸ் இன்ஜினியர், உரிமக் கணக்குப் பார்ப்பவர், வழக்கறிஞர் என்று ஒரு பாட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் அதிகம்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது மூவருடைய ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) பிரதி, கடைசியாக வந்த ஐ-797 (குடியேற்றத் துறையின் அறிவிப்புக் கடிதம்), வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி, பையனின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஐ-94-ல் இருக்கும் தேதியையும் பாஸ்போர்ட் முடியும் தேதியையும் இன்று ராத்திரியே ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையின் தேதி மட்டும் முன்னால் முடிவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. பையன் தன் பாட்டு இரண்டை எனக்கு அனுப்பட்டும். எனக்கு ராப் காது கிடையாது, மார்க் போட மாட்டேன். பீட் என்கிற பின்னணித் தாளம் யாருடையது, வாடகைக்கு (லீஸ்) எடுத்ததா முழு உரிமையா, மிக்ஸ் செய்தது யார், எழுதியவர் பங்கு எப்படிப் பிரித்திருக்கிறது என்று கேட்பேன். அதற்குப் பதில் வைத்திருந்தால், கல்லூரிக் கட்டுரையை எதைப் பற்றி எழுதுவது என்று அன்றைக்கே பேசிவிடலாம்.