ஐவிஎஃப் தொடங்கும் முன் பரிசோதனைக்குப் பணம் செலவிடலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது, சிங்கப்பூர்க் குடிமகள். கணவருக்கு 41, நிரந்தரவாசி. திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால், ஐவிஎஃப் (கருவை உடலுக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறோம். தனியார் மருந்தகம் ஒன்று முன்பரிசோதனைத் தொகுப்புக்கு 2,600 வெள்ளி கேட்கிறது. எங்கள் சேமிப்பு 16,000 வெள்ளி. பரிசோதனையில் பணத்தை விடாமல் நேராகச் சிகிச்சைக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். ஆனால் அந்தத் தொகுப்பை வாங்கவும் வேண்டாம்.

முதலில் சிகிச்சைக்கான கணக்கைப் பார்ப்போம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர் பொது மருத்துவமனை ஆகிய மூன்றில் ஒன்றில் சிகிச்சை பெற்றால், குடிமகளும் நிரந்தரவாசியுமான உங்கள் இருவருக்கும் அரசாங்கம் செலவில் 55 விழுக்காட்டை ஏற்கும். கருமுட்டை எடுப்பதிலிருந்து தொடங்கும் புதிய சுற்று ஒன்றுக்கு 5,700 வெள்ளியும், உறைய வைத்த கருவைப் பயன்படுத்தும் சுற்றுக்கு 1,600 வெள்ளியும் அதன் உச்சவரம்பு. புதிய சுற்று மூன்று, உறைந்த சுற்று மூன்று. அதற்கு மேல் கிடையாது. தனியார் மருந்தகத்துக்கு இந்த உதவி பொருந்தாது.

ஒரு புதிய சுற்றுக்கு 12,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க உதவியின் உச்சவரம்பான 5,700 வெள்ளி போக 6,300 வெள்ளி மிஞ்சும். மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து முதல் முறை 6,000, இரண்டாம் முறை 5,000, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 4,000 வெள்ளி வரை எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு 15,000. ஆகவே முதல் சுற்றுக்குக் கைக்காசு 300 வெள்ளிதான் என்றாலும், இரண்டாவதற்கு 1,300, மூன்றாவதற்கு 2,300 என்று அது ஏறிக்கொண்டே போகும். மூன்று முறையும் முழுமையாக எடுத்துவிட்டால் வாழ்நாள் வரம்பு அதோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரும் உறைந்த சுற்றுகளில் உங்கள் பங்கைக் கைக்காசாகவே கட்ட வேண்டும். காரணம் தெரியாமல் தொடங்கி வீணாகும் முதல் சுற்று, அரசாங்க உதவியில் ஒரு வாய்ப்பையும் மெடிசேவில் மிக அதிகமாக எடுக்கக்கூடிய 6,000 வெள்ளியையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். உங்கள் கணவர் மிச்சப்படுத்த நினைக்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாப் பரிசோதனைகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை. செலவு குறைவு, உடலுக்கு வேதனையும் இல்லை. அப்படியிருந்தும் நம் குடும்பங்களில் அது கடைசிக்குத் தள்ளப்படுவதையும், பெண் மட்டுமே மருத்துவமனைக்கு அலைவதையும் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. முடிவு சரியில்லை என்றால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் செய்வார்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதமாவதால், இடையில் வந்த ஒரு காய்ச்சல்கூட முடிவை மாற்றிவிடும். குறை கடுமையானால், விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறையைத் தொடக்கத்திலேயே திட்டமிடலாம். இருவரிடமும் பெரிய குறை இல்லையென்றால், விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும், செலவு மிகக் குறைந்த ஐயுஐ முறையை முதலில் முயலலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கும் அரசாங்க உதவி உண்டு.

உங்களுக்கு ஏஎம்எச் என்னும் இரத்தப் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும் செய்வார்கள். எஞ்சியுள்ள கருமுட்டைகளின் எண்ணிக்கையை ஏஎம்எச் ஓரளவு காட்டும். அவற்றின் தரத்தைக் காட்டாது. எண் குறைந்தால் மனமுடைந்துவிட வேண்டாம். மருந்தின் அளவைத் தீர்மானிக்கவே அது பெரிதும் உதவுகிறது. ஐவிஎஃப் செய்பவருக்குக் கருக்குழாய்ப் பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குழாயில் நீர் கோத்திருந்தால் கருப்பையில் வைக்கும் கரு நிலைப்பதற்கான வாய்ப்பு குறையும். முன்னதாக அறிந்தால் சரிசெய்துவிட்டுத் தொடங்கலாம்.

தைராய்டு, சர்க்கரை, இருவருக்குமான தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு), தொற்றுநோய்ப் பரிசோதனைகள் ஆகியவை எளியவை. ருபெல்லா என்னும் தட்டம்மை போன்ற தொற்றுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாவிட்டால், தடுப்பூசி போட்டபின் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்பதால், அதை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

தொகுப்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதில் உள்ள சில சோதனைகளை அரசாங்க மருத்துவமனை மறுபடியும் எடுக்கச் சொல்லக்கூடும். வேறு சில உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால், சலுகைக் கட்டணத்தில் மருத்துவர் கேட்பதை மட்டும் செய்துகொள்ளலாம்.

கணவர் குடியுரிமை பெற்றால் உதவி 75 விழுக்காடாக, புதிய சுற்றுக்கு 7,700 வெள்ளி வரை உயரும். ஆனால் அந்த 2,000 வெள்ளி வித்தியாசத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு 40 வயதான பிறகு அதிகபட்சம் இரண்டு சுற்றுகளுக்கே உதவி கிடைக்கும். அதுவும் 40-க்கு முன் ஐவிஎஃப் அல்லது ஐயுஐ செய்திருந்தால் மட்டுமே. தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் இந்தச் சிகிச்சைக்கு உதவாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சேமிப்பில் 8,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு, பரிசோதனைகளையும் சிகிச்சையின் கைக்காசையும் அதிலிருந்தே கட்டுங்கள். மீதியை அவசரத் தேவைக்கென விட்டுவைங்கள். உங்கள் மெடிசேவோடு கணவருடையதையும் பயன்படுத்தலாம். ஆனால் பிரசவச் செலவுக்கும் அதுவே கைகொடுக்க வேண்டும் என்பதால், இருவர் கணக்கிலும் உள்ள இருப்பை இந்த வாரமே பார்த்துக் குறித்துக்கொண்டு, பலதுறை மருந்தகத்தில் இருவர் பெயரிலும் முன்பதிவு செய்யுங்கள்.