விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு காயத்தையும் ஒவ்வொரு டாக்டர் பார்க்கிறார். மொத்தச் சிகிச்சையையும் யார் ஒருங்கிணைப்பது? (வட சென்னை)

அடிபட்டது கை என்றால் வட சென்னைக்காரர்களுக்குக் கவலை பாதிதான். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கியது. எலும்பு, தசைநார், நரம்பு, ரத்தக்குழாய் என்று வெவ்வேறு கதவைத் தட்ட வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு கையை அசைக்கும் பயிற்சியும் (பிசியோ) அங்கேயே. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

என் மச்சான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். தகடு வெட்டும்போது உள்ளங்கை கிழிந்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டு அனுப்பினார்கள். காயம் மூடியது, மோதிர விரல் மட்டும் மடங்கவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஸ்டான்லியில் விரலை மடக்கச் சொல்லிப் பார்த்ததுமே தசைநார் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாள் தள்ளினால் அறுந்த முனை சுருங்கி உள்ளே போய்விடும், சேர்ப்பது கஷ்டம். அறுவைக்கு அப்புறம்தான் உண்மையான வேலையே. அளவு மீறி அசைத்தால் போட்ட தையல் பிய்யும், அசைக்காமலே விட்டால் நார் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அறுவை செய்தவர் சொல்லும் வரம்பு பயிற்சி தருபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வெளியே எங்கோ பிசியோ போகிறவர்கள் அந்த வரம்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

தலை, கால் என்று பல இடத்தில் அடி என்றால் ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான், வேறு யாரும் வரமாட்டார்கள். வீட்டில் ஒரே ஆள் ஃபைலை வைத்துக்கொள்ளட்டும். அண்ணன் ஒரு நாள், சித்தப்பா ஒரு நாள் என்றால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் அதில் இருக்கட்டும். முக்கியமாகச் சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும். எலும்பு டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எப்போது காலை ஊன்றலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள், வார்டில் பக்கத்துக் கட்டில்காரரிடம் அல்ல.

பணம்: சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும். பட்டறையில் பட்ட அடிக்கு இது வராது. அங்கே இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடுதான். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், ஆனால் விபத்து அறிக்கையை முதலாளி அனுப்ப வேண்டும். ‘நானே பாத்துக்கிறேன்பா’ என்று கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அறிக்கையையும் கேளுங்கள்.