கவுனி அரிசியில் வண்டு: காயவைத்தும் ஏன் திரும்பி வருகிறது?

"சித்திரையில் வாங்கிய கவுனி அரிசியை முற்றத்து வெயிலில் காயவைத்து, சொளகில் புடைத்து வைத்தேன். வண்டெல்லாம் ஓடிவிட்டன. இரண்டே வாரத்தில் மறுபடி மொய்க்கின்றன, முன்னைவிடச் சின்னதாக. மார்கழியில் இவ்வளவு தொல்லை இல்லையே?" என்று கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்.

ஓடியவை வளர்ந்த வண்டுகள் மட்டும்தான் ஆச்சி. குஞ்சுகள் அரிசிக்குள்ளேயே இருந்தன. மூக்கு நீண்ட இந்தக் கூன்வண்டு அரிசியில் துளை போட்டு, ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் வெளியே வரும். தவிடு போகாத கவுனி அதற்கு நல்ல தீனி.

எத்தனை நாளில் வரும் என்பது சூட்டைப் பொறுத்தது. நம்மைப் போலப் பூச்சிக்கு நிலையான உடல்சூடு கிடையாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் சூடு. 30 டிகிரியை ஒட்டி இருந்தால் முட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகிவிடும். 18 டிகிரியில் மூன்று மாதம்கூட ஆகும். நம் மார்கழி அவ்வளவு குளிராது, ஆனாலும் ராத்திரி சூடு இறங்குவதால் வளர்ச்சி மந்தப்படும். 35-ஐத் தாண்டினாலோ பெருகவே திணறும். அப்படியானால் கத்திரி வெயிலில் குறைய வேண்டுமே? வெளியே 39 டிகிரி கொளுத்தினாலும், பருத்த சுண்ணாம்புச் சுவர் உங்கள் சாமான் அறையைத் தணிவாக வைத்திருக்கிறது. நமக்கு இதமான அந்தச் சூடு வண்டுக்கும் இதம்தான்.

சின்னதாக இருப்பதற்கும் சூடு ஒரு காரணமாகலாம். வெப்பத்தில் உடம்பு பெருக்கும் வேகத்தைவிடப் பருவம் முற்றும் வேகம் கூடுதல். அதனால் பெரும்பாலான பூச்சிகள் சிறிய உருவத்திலேயே வளர்ந்து முடிகின்றன. அரிசி மணி சிறியதென்றாலும் வண்டு சிறுக்கும். நோஞ்சான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அதுவும் முட்டையிடும்.

சரி, என்ன செய்யலாம்? குவித்துக் காயவைத்தால் மேல் வண்டு நிழல் தேடி ஓடும், உள்ளிருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். மணிக்குள் 50 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குக் கறுப்பு விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் போட்டு, ஓரங்களை அழுத்தி மூடுங்கள். அரிசி கொஞ்சம் விரிசல் விடலாம். விதைநெல்லுக்கு இது வேண்டாம்.

ஐந்தாறு கிலோதான் என்றால் ஃப்ரீசரே மேல். காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதாது; அங்கே வண்டு அசைவற்றுக் கிடக்கும், சாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். சூடு சமமாகும்வரை விடாவிட்டால் அரிசியில் ஈரம் கோர்க்கும்.

மூட்டைக் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி நகரும் வண்டு துளை வழியே நுழைந்து அடியில் விழும். வண்டு வந்துவிட்டதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்புறம், யாராவது நெல் மூட்டைக்குப் போடும் விஷவாயு மாத்திரையைக் கொடுத்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்த வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும்.