பழைய ஜப்பான் ஆர்ச்டாப் கிடார்: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மேல்பலகை உப்பி வளைந்து, வயலின் மாதிரி இரண்டு எஃப் துளைகளோடு இருக்கும் ஜாஸ் கிடாரைத்தான் ஆர்ச்டாப் என்கிறோம். 1970, 80-களில் ஜப்பானில் செய்த ஆர்ச்டாப்கள் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கோவையில் இந்தக் கிடார்களை வாசிக்கிறேன், பழுதும் பார்க்கிறேன்.

திருப்பூரில் இருந்து: வணக்கமுங்க அண்ணா. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறேன். ஆர்டர் விஷயமாக டோக்கியோ போகிறேன். பழைய ஐபனெஸ் அல்லது ஆரியா ஆர்ச்டாப் ஒன்று வாங்கிவர ஆசை. கடையில் எதைப் பார்ப்பது?

டோக்கியோவில் ஒச்சனோமிசு பகுதிக்குப் போங்கள் தம்பி. வரிசையாகக் கிடார் கடைகள்தான். உள்ளே போனதும் பெயரையும் பளபளப்பையும் பார்க்காதீர்கள். முதலில் பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் கட்டையைப் பாருங்கள். இந்தக் கிடாரில் பிரிட்ஜ் பலகையில் ஒட்டியிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கும். அதன் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருகித்தான் உயரத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம்.

சக்கரம் அடிவரை இறங்கிவிட்டது, அப்படியும் 12-வது ஃப்ரெட்டில் (கிடாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) கம்பி ரொம்ப உயரமாக நிற்கிறது என்றால், நெக் வருஷக்கணக்கில் கம்பி இழுத்து இழுத்து முன்னால் சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். நம் ஊரில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் செலவு பெரிது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சக்கரத்துக்கு மேலும் கீழும் இடம் இருந்து, தடித்த கம்பி 12-வது ஃப்ரெட்டில் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் நின்றால், பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம் நெக் உடம்போடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, ஃப்ரெட் கம்பிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். போன் டார்ச்சை ஒரு எஃப் துளையில் காட்டி இன்னொரு துளை வழியாக உள்ளே பாருங்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது மாதிரி மேல்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். எங்காவது ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் உள்ளே மேல்பலகையைத் தாங்கும் பிரேஸ் கட்டை ஒட்டு விட்டிருக்கலாம். கடைசியாகப் பிக்கார்டு, அதாவது பிக் உரசாமல் பலகையைக் காக்கும் தகடு. பழைய செல்லுலாய்டு பிக்கார்டு மக்கத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தைப் பச்சையாக அரித்துவிடும். அப்படி இருந்தால் கழற்றித் தனியாக வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். ஆரியா ஆர்ச்டாப்களைச் செய்தது மட்சுமோட்டோ ஊரில் இருந்த மட்சுமோக்கு தொழிற்சாலை. 1951-ல் மரவேலைப் பட்டறையாகத் தொடங்கி, சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொடுத்த இடம் அது. 1987-ல் மூடிவிட்டார்கள். ஐபனெஸ் என்பது நகோயாவின் ஹோஷினோ கம்பெனியின் பெயர், அதை மட்சுமோட்டோவிலேயே இருக்கும் ஃபுஜிஜென் செய்துகொடுத்தது. ஒரே ஊரில் மரவேலையில் கை தேர்ந்த இவ்வளவு ஆட்கள் இருந்ததால்தான் அந்தக் காலத்துச் சாமான் இன்னும் நிற்கிறது.

திரும்பும்போது பில்லைக் கையில் வைத்திருந்து சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். விமானத்தில் ஏற்றுவதற்கு முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, கம்பிகளின் பின்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கும் பிரிட்ஜுக்கும் அடியில் மெத்தென்ற துணி வையுங்கள்.

கோவை பீளமேட்டில் இருந்து: விற்கிறவர் இது ‘லாசூட்’ கிடார் என்று சொல்லி விலையை ஏற்றுகிறார். அது என்ன அண்ணா?

லாசூட் என்றால் வழக்கு. அமெரிக்காவின் கிப்சன் கிடார் கம்பெனியை வைத்திருந்த நார்லின் கம்பெனி, ஐபனெஸை அங்கே விற்றுவந்த எல்ஜர் கம்பெனி மேல் 1977-ல் வழக்குப் போட்டது. சண்டை முக்கியமாக நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் வடிவத்தைப் பற்றியது. அடுத்த வருஷமே சமரசம் ஆகிவிட்டது. வழக்கு வந்தது அந்த ஒரு கம்பெனி மேல்தான், ஆனால் இன்று 70-களின் எந்த ஜப்பான் காப்பியையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். நெக் நேராக இருந்தால் அதற்குக் கொடுங்கள்.

ஈரோட்டில் இருந்து: என் ஐபனெஸின் நெக் பின்னால் எஃப் என்ற எழுத்தும், 78-ல் தொடங்கும் எண்ணும் இருக்கிறது. எந்த வருஷம்?

1978 ஜூன். 1975 கடைசியில் இருந்து 80-களின் நடுப்பகுதி வரை ஐபனெஸில் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும், ஏ ஜனவரி, எல் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம்.

கரூரில் இருந்து: ஸ்ட்ரிங் மாற்றலாம் என்று எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கழற்றினேன். பிரிட்ஜ் விழுந்துவிட்டது. திருப்பி வைத்தால் மேலே போகப் போகச் சுதி சேரவே மாட்டேன் என்கிறது. கிடார் கெட்டுவிட்டதா?

ஒன்றும் கெடவில்லை, பிரிட்ஜ் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் இருந்து 12-வது ஃப்ரெட்டின் நடு வரை ஸ்கேலால் அளங்கள். 24.75 அங்குல ஸ்கேல், அதாவது நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம், உள்ள கிடார் என்றால் ஏறக்குறைய 314 மில்லிமீட்டர் வரும், 25.5 அங்குலம் என்றால் 324. அதே தூரத்தை 12-வது ஃப்ரெட்டில் இருந்து பிரிட்ஜ் பக்கம் அளந்து, மெல்லிய கம்பிப் பக்கத்தை அதைவிட ஒரு நூல் தள்ளியும், தடித்த கம்பிப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் பின்னாலும் நிறுத்துங்கள்.

இப்போது டியூனரை மாட்டிக்கொண்டு 12-வது ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டு எடுத்து வரும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சத்தத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சத்தம் ஏறி இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள், இறங்கி இருந்தால் நெக் பக்கம். கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷில் கோடு விழும். முதலில் இரண்டு ஓரக் கம்பிகளைச் சரிசெய்யுங்கள், நடுக் கம்பிகள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். மூன்றாவது கம்பி மட்டும் அடம்பிடித்தால், மரப் பிரிட்ஜில் சுற்றுக் கம்பிக்காக (மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியது) வெட்டிய படியில் நீங்கள் வெறுங்கம்பி போட்டிருப்பீர்கள். சுற்றுக் கம்பி வாங்கிப் போடுங்கள்.

இனிமேல் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். டியூன் செய்யச் செய்யப் பிரிட்ஜின் தலை நெக் பக்கம் சாயும், அதையும் அவ்வப்போது நிமிர்த்திவிடுங்கள்.

வால்பாறையில் இருந்து: எஸ்டேட்டில் வேலை. இங்கே மழை நிற்பதே இல்லை. கோவையில் வாங்கிய கிடாரை இங்கே வைத்திருக்கலாமுங்களா?

வைக்கலாமுங்க, கவனமாக இருந்தால் போதும். காற்றின் ஈரப்பதம் 45-ல் இருந்து 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்குச் சுகம். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். உங்கள் ஊரில் சிலிக்கா ஜெல் பை இல்லாமல் முடியாது. அதையும் மாதம் ஒரு தரம் சூடுகாட்டி உலர்த்த வேண்டும். பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை வாடை அடித்தால் கிடாரை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து வெயிலில் காயவையுங்கள்.

கீழே இருக்கிறவர்களுக்கு எதிர்மாறான கதை. பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் காற்று காய்ந்துபோகும். நெக்கின் ஓரத்தில் கை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் குத்தும், மரம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். ஏசி அறையும் அதே வேலையைத்தான் செய்யும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தோடு அடிக்கும்போது மேல்பலகை கொஞ்சம் உப்பி, கம்பி உயரும். வருஷத்துக்கு இரண்டு தரம் பிரிட்ஜ் சக்கரத்தைத் தொட வேண்டி வரும், பயப்படாதீர்கள்.

பெரும்பாலான ஜப்பான் ஆர்ச்டாப்களில் மேல்பலகை ப்ளைவுட். பலர் அதைக் குறை என்று நினைக்கிறார்கள். நம் சீதோஷ்ணத்துக்கு அது வரம் என்பேன். முழு ஸ்ப்ரூஸ் பலகையைச் செதுக்கிய கிடாரின் சத்தம் திறந்து வரும், உண்மைதான், ஆனால் விரிசலும் சுலபமாக விடும். ஜாஸ் கலைஞர்கள் ஜோ பாஸும் ஜிம் ஹாலும் வாசித்த கிப்சன் இஎஸ்-175 கூட ப்ளைவுட் கிடார்தான். எந்தக் கிடாராக இருந்தாலும் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், ஒட்டுப்பசை இளகிவிடும்.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து: மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். நோம்பி மேடையில் வால்யூம் ஏற்றினாலே கிடார் ஊளையிடுகிறது.

கிடாரின் வயிறு காலி, மேடை ஸ்பீக்கரின் சத்தம் அதற்குள் புகுந்து பலகையை ஆட்டுகிறது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதையும் வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. எஃப் துளைகளின் வடிவத்துக்கு ஸ்பாஞ்சை வெட்டி அடைத்துப் பாருங்கள், பாதி நின்றுவிடும். ஆம்ப் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். மிக்ஸரில் 100-ல் இருந்து 200 ஹெர்ட்ஸ் வரை எங்கே ஊளை வருகிறது என்று தேடி அந்த இடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மேல் சத்தம் வேண்டிய மேடைக்கு வேறு கிடாரை எடுத்துப் போங்கள். குத்துப்பாட்டுக்கு நடுவே இதைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து: கல்லூரி மாணவி. அக்கவுஸ்டிக்கில் நான்கு வருஷம் பழகியிருக்கிறேன். என்ன ஸ்ட்ரிங் போடுவது, எங்கே தொடங்குவது?

ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள் அம்மணி. அதன் மேல்சுற்று தட்டையாக இருப்பதால் விரல் நகரும்போது வரும் ‘கீச்’ சத்தம் இருக்காது, குரல் உருண்டையாக வரும். 12-ல் (மெல்லிய கம்பியின் தடிமன், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்) தொடங்கும் செட்தான் வழக்கம், விரல் பழகும்வரை 11 செட் போதும். நெக் பக்கத்துப் பிக்கப், டோன் பாதி, வால்யூம் முக்கால், கொஞ்சம் தடித்த பிக்.

கார்டுகளை முழுதாகப் பிடிக்கும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூன்று கம்பி போதும். ஜி மைனர் 7-க்கு ஆறாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளில் மூன்றாவது ஃப்ரெட். சி 7-க்கு ஐந்தாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், நான்காவதில் இரண்டு, மூன்றாவது கம்பியில் மூன்று. எஃப் மேஜர் 7-க்கு ஆறாவது கம்பியில் முதல் ஃப்ரெட், நான்காவதிலும் மூன்றாவதிலும் இரண்டு. மற்ற கம்பிகளை விரலாலேயே அடக்கிவிடுங்கள். இந்த மூன்றையும் மெட்ரோனோம் வைத்து, ஒரு அடிக்கு ஒரு தட்டாக, ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். இந்தக் கிடார் எதற்காகப் பிறந்தது என்று உங்கள் காதுக்கே தெரியும். உடம்பு பெரிதாகத் தோன்றினால், ஐபனெஸின் ஜார்ஜ் பென்சன் மாடல் ஜிபி-10 பதினாலரை அங்குல அகலம்தான், அணைத்துப் பிடிக்கச் சுலபம்.

நாமக்கல்லில் இருந்து: ஜப்பானில் இருந்து ஆம்பும் சேர்த்து வாங்கினேன். அப்படியே மாட்டலாமா?

மாட்டவே மாட்டாதீர்கள். அங்கே கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. 230-ஐ 100-ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ஆம்பின் வாட் அளவைவிடக் கூடுதல் திறன் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்.

உடுமலையில் இருந்து: வீணை கற்றவன் நான். கமகம் இதில் வருமா?

தடித்த ஃப்ளாட்வவுண்டைக் குறுக்கே இழுப்பது சிரமம். ஜாருவாக, கம்பியோடு வழுக்கிப் போனால் அழகாக வரும், தட்டையான சுற்று அதற்கு ரொம்பவே துணை செய்யும். ஆழமான இழுப்பு வேண்டுமென்றால் 10 செட்டும், மூன்றாவதாகச் சுற்றில்லாத வெறுங்கம்பியும் போடுங்கள், பிரிட்ஜையும் அதற்கேற்ப நகர்த்துங்கள். ஆர்ச்டாப் நம் இசைக்குப் புதிதில்லை. இந்துஸ்தானிக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை ஆர்ச்டாப் கிடாரை மாற்றியமைத்து உருவானதுதான்.

சேலத்தில் இருந்து: வால்யூம் குமிழ் திருப்பினால் கரகரவென்கிறது. பின்பக்க மூடியே இல்லையே, எப்படித் திறப்பது?

மூடி கிடையாது, எல்லாம் எஃப் துளை வழியாகத்தான். முதலில் திறக்காமலே குமிழை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு இருபது முப்பது தரம் திருப்பிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் குமிழைக் கழற்றி, அடியில் இருக்கும் திருகு நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே தண்டின் முனையில் உறுதியான நூலைக் கட்டுங்கள். அப்புறம் நட்டை எடுத்து, பாட் என்னும் அந்தக் குமிழின் கன்ட்ரோலை உள்ளே இறக்கி எஃப் துளை வழியாக வெளியே கொண்டுவந்து, கான்டாக்ட் கிளீனரை அதன் வாயில் ஒரு துளி அடித்துத் திருப்புங்கள். முடிந்ததும் மேலே தொங்கும் நூலை இழுத்தால் தண்டு தன் ஓட்டைக்குத் தானே வந்து நிற்கும். நூல் கட்டாமல் இறக்கினால் ஒரு மத்தியானம் முழுக்கக் கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வால்யூம், டோன் என்று நான்கு குமிழ் இருக்கிற கிடாரில் ஒன்றை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பழைய பாட் கன்ட்ரோலை மாற்றவே வேண்டி வந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கிடார் பெட்டியிலேயே வையுங்கள், பின்னால் வாங்குகிறவர் அதைக் கேட்பார்.