820 கிலோஹேட்ஸில் வந்த சிகரம் மூலக்கூறினுடையதா?

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் பௌதிகவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருப்பது இது:

"5சீபீ என்ற திரவப் பளிங்கின் மின்னுழைய மாறிலி (கலத்தின் கொள்ளளவத்தை அது எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று அளக்கிறேன். எங்களிடம் உள்ள, கொள்ளளவமும் இழப்பும் அளக்கும் எல்.சி.ஆர். மானி 20 ஹேட்ஸிலிருந்து 1 மெகாஹேட்ஸ் வரை போகும். ஐ.டி.ஓ. என்ற ஒளிபுகும் கடத்தி பூசிய இரண்டு கண்ணாடிகளால் ஆனது கலம். மேலே தேய்த்த பொலிமர் பூச்சு உண்டு. இடைவெளி 10 மைக்ரோமீற்றர், பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர். 100 ஹேட்ஸுக்குக் கீழே மாறிலி நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. 820 கிலோஹேட்ஸ் அளவில் அழகான இழப்புச் சிகரம் வருகிறது. 35 பாகையைத் தாண்டினாலும் அது அசையவில்லை. இடையிலுள்ள மீடிறன்களில் 30 பாகையில் 11 அளவில் வாசிக்கிறது, ஆனால் அவத்தை மாறும் இடத்தில் பாய்ச்சல் தெளிவாக இல்லை. அந்த வெப்பநிலையும் சூடாக்கும்போது 36.1, குளிராக்கும்போது 34.2 என்று வருகிறது. பின்னேரத்தில் அளந்தால் இன்னும் குழப்பம். எதை நம்புவது? திரவப் பளிங்கு முடிந்துபோனால், குறித்த ஒரு வெப்பநிலையில் இரண்டாகப் பிரியும் அவதிக் கலவை ஒன்றை வைத்துச் செய்யலாமா?"

முதலில் அந்தச் சிகரம். அது 5சீபீயின் தளர்வு அல்ல; அதாவது, மாறும் மின்புலத்தோடு மூலக்கூறு திரும்பத் திணறுவதால் வந்தது அல்ல. கண்ணாடியில் பூசியிருக்கும் கடத்திப் படலத்தின் தடையும் கலத்தின் கொள்ளளவமும் சேர்ந்து உண்டாக்கியது. இதைக் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டாம். உங்கள் மானியால் தளர்வைத்தான் பிடிக்க முடியாது. அவத்தை மாற்றத்தை மிக நன்றாக அளக்கலாம். நல்ல இறுதியாண்டு ஆய்வுக்கு அதுவே தாராளம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? 5சீபீ மூலக்கூறு ஒரு கோல். 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரேயும் அவரோடு இருந்தவர்களும் அறிவித்த குடும்பத்தைச் சேர்ந்தது. கோலின் ஒரு முனையில் சயனோக் கூட்டம் இருக்கிறது. வலுவான இருமுனைவு (நேர், மறை மின்னேற்றங்கள் விலகி நிற்பது) கோலின் நீளத்தோடேயே கிடக்கிறது. ஆடலோட்ட மின்புலம் திசை மாறும்போது அந்தக் கோல் தலைகீழாகத் திரும்ப வேண்டும். நெமற்றிக் அவத்தையில் பக்கத்துக் கோல்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்பதால், நெருக்கிக் கட்டிய விறகுக் கட்டுக்குள் ஒரு கொள்ளியைத் திருப்புவதுபோல அது சிரமமான வேலை. புலம் மெதுவாக மாறினால் கோல் பின்தொடரும், வேகமாக மாறினால் தொடர முடியாது. இரண்டுக்கும் நடுவில்தான் இழப்பு உச்சத்துக்குப் போகிறது. 5சீபீயின் நெமற்றிக் அவத்தையில் இந்த இடம் சில மெகாஹேட்ஸில் இருக்கிறது. உங்கள் மானியின் கூரை 1 மெகாஹேட்ஸ்.

இன்னொன்று. 35 பாகையில் ஒழுங்கு குலைந்து சாதாரணத் திரவமானதும் பக்கத்துக் கோல்களின் தடுப்பு போய்விடும். உண்மையான தளர்வு என்றால் சிகரம் சட்டென்று மேல் மீடிறனுக்குத் தாவ வேண்டும். உங்கள் சிகரம் அசையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 1 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் 10 மைக்ரோமீற்றர் இடைவெளியும் உள்ள வெறுங்கலத்தின் கொள்ளளவம் 88.5 பிக்கோபரட். உள்ளே மாறிலி 11 என்றால் ஏறக்குறைய 970 பிக்கோபரட். ஐ.டி.ஓ. படலம் சதுரத்துக்கு 50 ஓம் என்றும், கிளிப் பிடிக்கும் இடத்திலிருந்து கலம் வரை இரண்டு சதுர நீளம் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு கண்ணாடியும் சேர்ந்து 200 ஓம். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி, அதை 2 பையால் (2π) பெருக்கி, தலைகீழாக்கினால் வருவது 820 கிலோஹேட்ஸ். படலத்தின் தடையை மல்ரிமீற்றரால் அளந்து உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள்; கிட்டத்தட்ட இதுதான் வரும்.

கணக்கு மட்டும் போதாது, பரிசோதித்தே காட்டலாம். கலத்தோடு தொடராக ஒரு 200 ஓம் தடையியை இணைத்து மறுபடி அளவுங்கள். சிகரம் 410 கிலோஹேட்ஸ் அளவுக்கு இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை. வெளியே கம்பியில் நீங்கள் எதைச் சேர்த்தீர்கள் என்று மூலக்கூறுக்குத் தெரியாது. இடைவெளியை 20 மைக்ரோமீற்றர் ஆக்கினாலும் இதே சோதனைதான்: கொள்ளளவம் பாதியாகும், சிகரம் இரட்டித்து மானியின் எல்லைக்கு வெளியே போய்விடும். மூலக்கூறின் தளர்வு கலத்தின் தடிப்பைப் பார்த்து மாறாது.

"தடை குறைந்த கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். 200 ஓமை 20 ஓமுக்குக் குறைத்தால் பொய்ச் சிகரம் 8 மெகாஹேட்ஸுக்குப் போகும். அது உண்மையான தளர்வு இருக்கும் அக்கம்பக்கம். இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். மெகாஹேட்ஸ் அளவில் வேலை செய்பவர்கள் உலோக மின்வாய்களையும் தடித்த இடைவெளியையும் தேடுவது இதனால்தான். அந்த வசதி கிடைக்கும்வரை தளர்வை விட்டுவிடுங்கள்.

சரி, மறுமுனைக்கு வருவோம். 100 ஹேட்ஸுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் ஏறுவது அயன்களின் வேலை. எவ்வளவு சுத்தமான திரவப் பளிங்கிலும் கொஞ்சம் அயன் இருக்கும். புலம் மெதுவாக மாறும்போது அவை மின்வாய் வரை நடந்து போய்க் கண்ணாடியோரம் குவிகின்றன. மானிக்கு அது மிகப் பெரிய கொள்ளளவமாகத் தெரிகிறது. இதுவும் கலத்தின் தடிப்பைப் பொறுத்து மாறும், மூலக்கூறின் பண்பு அல்ல. இழப்பை மீடிறனுக்கு எதிராக இரண்டு அச்சிலும் மடக்கை அளவிடையில் வரைந்தால், குவிவு தொடங்குவதற்குச் சற்று மேலே படித்திறன் மறை ஒன்றாக (−1) இருக்கும். அந்தப் பகுதியிலிருந்து கடத்துதிறனைக் கணிக்கலாம். ஒவ்வொரு கலத்துக்கும் அதைக் குறித்து வையுங்கள். எந்தக் கலம் அழுக்கு என்று அது காட்டிக்கொடுக்கும்.

அயனும் தொடாத, ஐ.டி.ஓ. தடையும் தொடாத நடுப்பகுதிதான் உங்களுக்கு வேண்டும். 10 கிலோஹேட்ஸ் நல்ல இடம். அங்கே 200 ஓம் தடையால் கொள்ளளவத்தில் வரும் பிழை பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. 5 கிலோஹேட்ஸிலும் 50 கிலோஹேட்ஸிலும் அளந்து, மாறிலி அசையாமல் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பாய்ச்சல் தெளியாததற்குக் காரணம் மானியின் சோதனை வோல்ட்டளவு என்றே நினைக்கிறேன். இந்த வகை மானிகள் இயக்கியதும் பெரும்பாலும் 1 வோல்ற்றில் நிற்கும். தேய்த்த பொலிமர் பூச்சில் 5சீபீ கோல்கள் கண்ணாடியோடு படுத்திருக்கும். ஆனால் ஏறக்குறைய 0.75 வோல்ற்றைத் தாண்டியதும் அவை நிமிரத் தொடங்கும். கலம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இந்த வாசல் மாறாது. அதாவது அளக்கும் செயலே கோல்களைத் திருப்பிவிடுகிறது. 30 பாகையில் படுத்த நிலையின் மாறிலி 7 அளவு, நிமிர்ந்த நிலையில் 17 அளவு. நீங்கள் வாசித்த 11 இரண்டுமில்லை, பாதி நிமிர்ந்த நிலை. 35க்கு மேலே சாதாரணத் திரவத்தின் மாறிலியும் 10க்கும் 11க்கும் இடையில்தான் இருக்கிறது. 11இலிருந்து 11க்குப் போனால் பாய்ச்சல் எங்கே தெரியும்?

வோல்ட்டளவை 0.1க்குக் குறையுங்கள். மாற்றத்தை நெருங்க நெருங்க வாசலும் கீழிறங்கும் என்பதால் 0.5 என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். இப்போது மாறிலி 7இலிருந்து மெல்ல ஏறிவந்து, 35 பாகையருகே ஒரே பாய்ச்சலாக மேலே போவதைக் காண்பீர்கள். நிமிர்ந்த நிலையை அளக்க, பொலிமருக்குப் பதிலாக லெசித்தின் மெல்லியதாகப் பூசிய இன்னொரு கலம் செய்யலாம். ஒரு கலத்துக்குத் தேவை 1 மைக்ரோலீற்றர்தான்; உங்கள் போத்தல் அவ்வளவு சுலபத்தில் முடியாது. கலத்தை நிரப்பும் முன் வெறுமையாக அளந்து குறிக்க மட்டும் மறக்காதீர்கள். நிரப்பிய பிறகு அந்த எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை.

இரண்டு எண்ணும் கையில் வந்ததும் ஒரு அருமையான விஷயம் திறக்கும். நிமிர்ந்த மாறிலியோடு படுத்த மாறிலியின் இருமடங்கைக் கூட்டி மூன்றால் வகுங்கள். கோல்கள் வெறுமனே ஒழுங்காக நிற்கின்றன, வேறொன்றும் இல்லை என்றால், இந்தச் சராசரி 35க்கு மேலுள்ள மாறிலியோடு படியில்லாமல் தொடர்ச்சியாகச் சேர வேண்டும். அப்படிச் சேராது, சற்றுக் கீழே நிற்கும். அயல் மூலக்கூறுகள் சயனோ முனைகளை எதிரெதிராக வைத்து இணையாகப் படுத்து, ஒன்றின் இருமுனைவை மற்றது கொஞ்சம் அழித்துவிடுகின்றன. 35க்கு மேலேயும் அதன் சுவடு உண்டு. 50 பாகையிலிருந்து குளிராக்கிக்கொண்டு வந்தால் மாறிலி ஏறிக்கொண்டே வந்து, மாற்றத்துக்குச் சில பாகை முன்னால் அந்த ஏற்றம் தளர்ந்து வளையும். மூன்றாம் நான்காம் இலக்கத்தில் தெரியும் சின்ன வளைவு அது. என் பார்வையில் உங்கள் ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிலோஹேட்ஸ் மானிக்கு முழுக்க எட்டக்கூடியது.

அதற்கு வெப்பநிலை உங்கள் பிடியில் இருக்க வேண்டும். 36.1க்கும் 34.2க்கும் உள்ள வித்தியாசம் மூலக்கூறுடையது அல்ல. இந்த மாற்றம் மிக மெல்லிய முதல்வகை மாற்றம், அதாவது மிகச் சிறிய மறைவெப்பத்தோடு சட்டென்று நடப்பது. சூடாக்கும்போதும் குளிராக்கும்போதும் இடையே வரும் உண்மையான பின்னடைவு இவ்வளவு பெரிதாக இருக்காது. சூடாக்கும் வேகத்துக்குக் கலம் ஈடுகொடுக்கவில்லை, வெப்பவிணை கலத்தைத் தொடாமல் தாங்கியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தெர்மிஸ்டரைக் கண்ணாடியிலேயே ஒட்டி, நிமிடத்துக்கு 0.1 பாகை வேகத்தில் போங்கள். பழைய கல்குலேற்றர் திரையிலிருந்து உரித்தெடுத்த இரண்டு முனைவாக்கித் தாள்களைக் குறுக்காக வைத்து, நடுவே கலத்தை, பொலிமரைத் தேய்த்த திசை இரண்டு தாளுக்கும் சாய்வாக இருக்கும்படி பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நெமற்றிக் இருக்கும்வரை வெளிச்சம் தெரியும், 35இல் இருண்டுவிடும். இருளத் தொடங்குவதற்கும் முழுதாக இருள்வதற்கும் இடையே ஒரு பாகைக்கு மேல் போனால் மாதிரியில் அழுக்கு சேர்ந்துவிட்டது.

பின்னேரக் குழப்பத்துக்குக் காரணம் மட்டக்களப்பின் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் பகல் வெக்கை சில நாள்களில் 35ஐயும் தாண்டும். சூடாக்க மட்டும் தெரிந்த கட்டுப்படுத்தி, அறையே 34இல் இருக்கும்போது 35ஐப் பிடித்துவைக்க முடியாது. கலம் தானாகவே குளிர இடம் இல்லை. இந்த அளவீட்டை விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது ஐஸ் போட்ட நீரைத் தாங்கியைச் சுற்றி ஓடவிட்டு அதற்கு மேல் சூடாக்குங்கள். குளிரூட்டிய அறை என்றால் எதிர்ப்பக்க ஆபத்து: 22, 23 பாகைக்குக் கீழே 5சீபீ பளிங்காக உறைந்து கோல்களின் ஒழுங்கு கெடலாம்.

அவதிக் கலவையும் செய்யலாம், இதே கலத்தில் அல்ல. ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் நைத்திரோபென்சீன்–ஹெக்சேன் கலவையின் அவதி வெப்பநிலை 20 பாகையளவில் இருப்பதால் இங்கே குளிரூட்டி வேண்டும், நைத்திரோபென்சீன் நஞ்சும்கூட. மெதனோல்–சைக்ளோஹெக்சேன் நமது ஊருக்குப் பொருந்தும். அவதி வெப்பநிலை 45 பாகையளவு; அறையைவிட நன்றாக மேலே என்பதால் சாதாரண நீர்த்தொட்டியே அதைப் பிடித்துவைக்கும். எடையில் 29 சதவீதமளவு மெதனோல். மேலேயிருந்து குளிராக்கி வரும்போது தெளிந்த திரவம் நீலம் பாரித்து, பிறகு பால்போல மங்கி, இரண்டு அடுக்காகப் பிரியும். இங்கே எதிரி ஈரம். துளி நீர் கலந்தாலே அவதி வெப்பநிலை மேலே ஏறிவிடும். வாவியோரக் காற்றில் திறந்த போத்தல் நீரை உறிஞ்சாமல் இராது. புதிதாகத் திறந்த போத்தல், மூடிய கலம், பக்கத்தில் தீ இல்லை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டிருக்க வேண்டும். மெதனோல் பார்வையைப் பறிக்கக்கூடியது. மெதனோலில் அயன்கள் சுலபமாக ஓடுவதால் கீழ் மீடிறன்களில் அவதிப் புள்ளியருகே வரும் பெரிய ஏற்றத்தை நம்பாதீர்கள். சில நூறு கிலோஹேட்ஸில், மில்லிமீற்றர் இடைவெளியுள்ள உலோகத் தட்டுகளில் அளவுங்கள். அவதிப் புள்ளியை நெருங்கும்போது கலவை சமநிலைக்கு வர நேரம் எடுக்கும். வாசிப்பு நகர்வது நின்ற பிறகே எழுதுங்கள்.

அப்புறம், அந்த 820 கிலோஹேட்ஸ் தரவை அழித்துவிடாதீர்கள். தொடர்த் தடையி போட்டும் போடாமலும் எடுத்த இரண்டு வரைபையும் ஒன்றன்மேல் ஒன்றாக அளவீட்டு முறை அத்தியாயத்தில் சேருங்கள். 10 கிலோஹேட்ஸையும் 0.1 வோல்ற்றையும் ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று பரிசோதகர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.